மூன்று நிமிடத்துக்கு அப்பால்

லோரன் ஷோன்பெர்க் டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர். பியானோவும் வாசிப்பார். நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் அவர் இருந்தபோது, 2010இல், இல்லினாய் மாநிலத்தின் மால்டா என்ற சிற்றூரிலிருந்து பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள் அங்கே வந்து சேர்ந்தன. மொத்தம் 975 தட்டுகள். அவற்றில் ஒன்றுகூடக் கடையில் விற்றதில்லை. பெரும்பாலும் 1930களின் பிற்பாதியில் அமெரிக்க வானொலியில் ஒலித்த ஜாஸ், ஸ்விங் கச்சேரிகளை பில் சேவரி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் தனக்காகப் பதிந்து வைத்திருந்தார். முழுவதும் கேட்க நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சேவரி 2004இல் காலமானார். தட்டுகளைக் கொடுத்தது அவர் மகன்.

பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்த செய்திகள் அவ்வப்போது வருவதுதான். இந்தச் செய்தியில் என் மனம் தங்கிவிட்டதற்குக் காரணம், பெட்டியைத் திறந்தவர் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தது. இன்னொருவர் மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தன் மூச்சைக் கொண்டே அறிகிற ஒருவர் முதலில் கேட்டிருக்கிறார். பிறகு கேட்டதைப் பிறருக்குக் கொடுக்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்.

*

அந்தக் காலத்துக் கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான இசைதான் கொள்ளும். ஸ்விங் காலத்து ஜாஸை உலகம் பெரும்பாலும் இந்த மூன்று நிமிடத்தின் வழியாகவே அறிந்திருக்கிறது. ட்யூக் எல்லிங்டன், கவுண்ட் பேஸி, பென்னி குட்மன் எல்லோரும் அந்த அளவுக்குள் தங்களைப் பொருத்திக்கொண்டார்கள். எல்லிங்டன் அதைக் குறையாகவே விட்டுவைக்கவில்லை. அந்த அளவுக்கென்றே எழுதி, மூன்று நிமிடத்தைத் தனி வடிவமாக ஆக்கிவிட்டார்.

ஆனால் அவர்கள் நடத்திய பேண்டுகள் நடன அரங்குகளில் வளர்ந்தவை. ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் 1926இல் திறந்த சவாய் அரங்கில், ஆடுகிறவர்களின் கால் கேட்கிறவரை பாட்டு நீண்டது. ஒரு பாட்டு பெரும்பாலும் 32 தாள அளவு கொண்ட ஒரு சுற்று. சுற்று முடிந்தால் மறுபடி தலையிலிருந்து. தட்டில் ஒரு வாசிப்பாளருக்கு அந்தச் சுற்றில் பாதியோ காலோ கிடைக்கும். அரங்கில், அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தால், இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று எடுத்துக்கொள்வார். பின்னால் இருக்கும் பித்தளை வாத்தியங்கள் சிறு சொற்கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவரை மேலே தள்ளும். அந்தத் தள்ளுதல் சூடேறுவதற்கே ஒரு நிமிடம் வேண்டும். மூன்று நிமிடத் தட்டில் அதற்கு இடமே இல்லை.

நம் பக்கத்திலும் அதே அளவுகோல்தான் இருந்தது. மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் இறந்தபோது வயது 27. மேடையில் அவர் எப்படிப் பாடினார் என்று சொல்ல நேரில் கேட்டவர்கள் இருந்தார்கள். நமக்கு மிஞ்சியவை தட்டுகள். அவர் குரல் உச்சத்தில் நின்று சட்டென்று முடியும்போது, அது பாட்டு முடிந்த இடமா, தட்டு முடிந்த இடமா என்ற கேள்வி எனக்கு எழாமல் இருந்ததில்லை.

*

சேவரியின் தட்டுகள் பல 12, 16 அங்குல அகலம் கொண்டவை. 33⅓ வேகத்தில் பதிந்தவை. வானொலி நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கப் பயன்படுத்திய முறை இது. பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் கால் மணி நேரம் வரை பிடிக்கலாம். அவர் வேலை பார்த்த இடம் ஒலிபரப்புகளைப் பதிவு செய்யும் நியூயார்க் கூடம். வீட்டு வானொலிப் பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பிடித்தவை அல்ல என்பது, கேட்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே தெரிந்துவிடுகிறது.

*

சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஐந்தாண்டு ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1939 கோடையில் அமெரிக்கா திரும்பினார். அக்டோபர் 11 அன்று ‘பாடி அண்ட் சோல்’ பாட்டை மூன்று நிமிடத் தட்டுக்காக வாசித்தார். மெட்டைத் தொடக்கத்தில் சற்றே காட்டுகிறார். பிறகு மெட்டு போய்விடுகிறது. அதன் அடியில் ஓடும் ஹார்மனி மட்டும் நிற்க, அதன் மேல் தான் நினைத்ததை இரண்டு சுற்றுக்குக் கட்டிக்கொண்டே போகிறார். பாட்டை வாசிக்காமலே பாட்டை வாசித்த அந்தத் தட்டு மக்களிடம் பெரிய வெற்றி பெற்றது. பிறகு வந்த சாக்ஸபோன்காரர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

சேவரியிடம் இருந்தது, 1940இல் நியூயார்க் நடன விடுதி ஒன்றிலிருந்து ஹாக்கின்ஸ் வாசித்த அதே பாட்டு. கிட்டத்தட்ட ஆறு நிமிடம்.

புகழ்பெற்ற ஒன்றை மறுபடி செய்யும்போது கலைஞன் என்ன செய்கிறான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பதிவு அதிகம் இல்லை. கேட்க வந்தவர்களுக்குத் தட்டு மனப்பாடம். அதை அப்படியே கொடுத்தால் கைதட்டுவார்கள். ஹாக்கின்ஸ் அதைக் கொடுக்கவில்லை. இரண்டு சுற்றோடு நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அவசரம் குரலிலிருந்து விலகியிருக்கிறது. நெடிய சொற்றொடரைத் தொடங்கி, அதை முடிக்காமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இன்னொன்றைத் தொடங்குகிறார். எனக்கு 1939 தட்டுதான் அதிக நிறைவானது என்று படுகிறது. ஆனால் அவரோடு ஒரே அறையில் இருப்பது போன்ற உணர்வு வருவது 1940இன் பதிவில்.

*

தட்டுக்கு வாசிக்கும்போது அது நிற்கும் என்று தெரிந்து வாசிக்கிறோம். வானொலிக்கு வாசித்தபோது அது அந்த நிமிடத்தோடு போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அன்றைய வானொலி நிறுவனங்கள் நடன அரங்குகளுக்கும் ஓட்டல்களுக்கும் தொலைபேசிக் கம்பி இழுத்து வைத்திருந்தன. இரவு வெகுநேரம் ஆனபின், விளம்பரம் கொடுப்பவர் இல்லாத நேரத்தில், அரங்கில் அப்போது நடக்கும் ஆட்டத்துக்கான இசையே நாடு முழுவதும் போகும். 1938இல் நியூயார்க் 52ஆம் தெருவின் ‘ஃபேமஸ் டோர்’ என்ற குறுகலான விடுதியில் பேஸியின் முழு பேண்டும் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்தது. சி.பி.எஸ். அதை ஒலிபரப்பியது. அந்த ஒலிபரப்புகள்தான் பேஸியின் பெயரை நாடெங்கும் கொண்டு போயின. அவற்றில் சிலவற்றையும் சேவரி பிடித்திருந்தார்.

ஆகவே இந்த நூறு மணி நேரத்தில் பெரும்பகுதி சாதாரண இரவுகள். யாரும் வருங்காலத்துக்காக வாசிக்கவில்லை. நேற்றும் வாசித்தார்கள், நாளையும் வாசிப்பார்கள். ஒரு கலையின் உண்மையான உயரம் அதன் சாதாரண நாட்களில்தான் தெரிகிறது என்று நான் நம்புகிறேன். பேஸி பேண்டின் சாதாரண வியாழக்கிழமை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று இப்போது கேட்க முடிகிறது.

அந்தக் காலத்து ஓட்டல்கள் பலவற்றில் கறுப்பின இசைஞர்கள் மேடைக்கு வரலாம். விருந்தினராக உள்ளே வர முடியாது. ஒலிபரப்பில் கேட்பது சிரிப்பும் கைதட்டலும் அறிவிப்பாளரின் உற்சாகமும். சமையலறை வழியாக மேடைக்கு வந்தவர்கள் யார் என்று அதில் கேட்காது. கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

ஷோன்பெர்க் 1980 வாக்கிலேயே சேவரியைச் சந்தித்திருக்கிறார். அப்போது அவர் இருபதைத் தாண்டிய இளைஞர். பிறகு பென்னி குட்மனிடம் வேலை பார்த்தார். 1985இல் குட்மன் மீண்டும் மேடையேறியபோது எடுத்துக்கொண்டது ஷோன்பெர்க் நடத்திவந்த பேண்டைத்தான். குட்மனின் கடைசி பேண்ட் அது. அதாவது, அந்தத் தட்டுகளில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்து வாசித்தவர் இவர். தட்டுகள் இருக்கின்றன என்று தெரியும். கேட்டும் பார்த்தார். சேவரி கேட்க விடவில்லை.

முப்பது ஆண்டு ஒரு இசையைக் கேட்காமலே அதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் அந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. தெரிந்த பதிவுகளையெல்லாம் கேட்டார், வாசித்தார், பாடம் சொன்னார். பெட்டி திறந்தபோது காது தயாராக இருந்தது.

தட்டின் உறையில் எல்லாம் எழுதியிருக்காது. இந்த சாக்ஸபோன் யார், டிரம்பெட் யார், இது எந்த இரவு என்று சொல்வதற்குக் காதைத் தவிர வேறு சாட்சி பல சமயம் இல்லை. பேஸி பேண்டில் இரண்டு டெனர் சாக்ஸபோன்கள் இருந்தன. லெஸ்டர் யங்கின் நாதம் லேசானது, அதிர்வு குறைவு, தாளத்தின் பின்னால் சாய்ந்து வரும். ஹெர்ஷல் எவன்ஸின் நாதம் கனமானது, அகலமான அதிர்வு கொண்டது, ஹாக்கின்ஸின் வழியில் வந்தது. ஒரே கருவியில் இரண்டு மனிதர்கள் இவ்வளவு விலகி நிற்க முடியுமா என்று வியப்பாக இருக்கும். இவர்களை நான்கு ஸ்வரத்துக்குள் பிரித்துச் சொல்ல அதே கருவியை வாசிப்பவருக்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும்.

*

சேவரி ஏன் கொடுக்கவில்லை?

அவர் எதையுமே கொடுக்காதவர் அல்ல. கொலம்பியா நிறுவனம் 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது, அதை உருவாக்கிய பொறியாளர் குழுவில் அவரும் இருந்தார். பத்தாண்டாகத் தன் வீட்டில் நீண்ட தட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த நீளத்தை ஊருக்கெல்லாம் கொடுப்பதில் பங்கு கொண்டார். குட்மனின் 1937–38 வானொலிப் பதிவுகள் எல்.பி.யாக வெளிவந்தபோது ஒலியைச் சீரமைத்துத் தொகுத்தது அவர்தான். குட்மனிடம் பாடிக்கொண்டிருந்த ஹெலன் வார்டை மணந்துகொண்டவரும் அவரே. ஆகவே அந்தத் தட்டுகள் அவருக்கு வெறும் சேகரிப்பு அல்ல. அவருடைய இளமை முழுதும் அதில் இருந்தது. மனைவியின் குரல் ஒலித்த உலகம் அது.

தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதில் ஒரு காவலும் இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. வெளியே விட்டால் யாராவது அவசரமாக அச்சடித்து, மோசமாக விற்று, வாசித்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் போகலாம். அப்படி நடந்த வரலாறு ஜாஸுக்கு உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பிடித்து வைக்காவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

ஆனால் தட்டுகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

*

இத்தகைய தட்டின் நடுவே அலுமினியத் தகடு. அதன் மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு. பூச்சு வெடிக்காமல் இளக்கமாக இருக்க ஆமணக்கு எண்ணெய் சேர்ப்பார்கள். ஆண்டுகள் போகப்போக எண்ணெயின் அமிலம் மேலே கசிந்து வெள்ளைப் பொடியாகப் படியும். எண்ணெய் போன பூச்சு சுருங்கும். அடியில் இருக்கும் தகடு சுருங்காது. அதனால் பூச்சு வெடிக்கும், உரியும். உரிந்துபோன இடத்தில் இருந்த இசையை எந்தக் கருவியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பூஞ்சை வேறு.

சேவரி தட்டுகளில் ஏறத்தாழக் கால் பங்கு நல்ல நிலையில் இருந்தது. பாதி பழுதுபட்டது, ஆனால் காப்பாற்றலாம். மீதிக் கால் பங்கு மிக மோசம்.

புரூக்ளினில் டக் பாமராய் என்ற ஒலிப் பொறியாளர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவி, ஓடவிட்டு, கணினிக்கு மாற்றினார். இந்த வேலையில் முள்ளைத் தேர்ந்தெடுப்பதே பாதி. வெட்டிய கோட்டின் அகலம் தட்டுக்குத் தட்டு மாறும். கோட்டின் சுவர் எந்த உயரத்தில் தேயாமல் இருக்கிறதோ, அங்கே உட்காரும் அளவுள்ள முள் வேண்டும். மெல்லிய பூச்சு என்பதால் ஒவ்வொரு முறை ஓடவிடுவதும் ஒரு தேய்மானம். கேட்பதே செலவு என்றால் எவ்வளவு கவனமாகக் கேட்போம்!

கடையில் விற்ற தட்டுகளின் கதை வேறு. அவற்றைக் கட்டிப் பிடித்தது அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்தது, கல்கத்தா வழியாகக் கப்பலேறி அமெரிக்கா போனது. 1942இல் போர்த் தேவைக்காக அமெரிக்க அரசு அரக்குக்குக் கட்டுப்பாடு விதித்தபோது இசைத்தட்டு உற்பத்தியே சுருங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசைஞர் சங்கம், பதிவுக் கூடங்களில் வாசிக்க மாட்டோம் என்று நிறுத்தியது. ஸ்விங் பேண்டுகள் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் அவர்கள் என்ன வாசித்தார்கள் என்பதற்கு வானொலிப் பதிவுகளும், படைவீரர்களுக்காக அச்சிட்ட வி-டிஸ்க் தட்டுகளும்தான் பெரும்பாலும் சான்று.

*

கைக்கு வந்ததைப் பகிர்வதும் எளிதாக இல்லை. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் நாடு தழுவிய பதிப்புரிமைச் சட்டம் நெடுங்காலம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2018இல் வந்த புதிய சட்டம், 1923க்கும் 1946க்கும் இடையில் வெளியான தட்டுகளுக்கு நூறு ஆண்டு பாதுகாப்பு என்று வரையறுத்தது. அப்போது வெளியாகாமல் பெட்டியில் கிடந்தவற்றுக்கு 2067 வரை நீள்கிறது.

எனவே தொடக்க ஆண்டுகளில், கேட்க விரும்பியவர் ஹார்லெமுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தில் ஷோன்பெர்க் தட்டுகளைக் கேட்கவைத்து அவற்றைப் பற்றிப் பேசுவார். 2016இல் முதல் தொகுதி ஆப்பிள் வழியாக இணையத்தில் வெளியானது. 2018இல் மொசைக் நிறுவனம் ஆறு குறுந்தகடுகளாகக் கொண்டுவந்தது. வாசித்தவர்களின் வாரிசுகளைத் தேடிப் பேசி, உரிமை பெற்று, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்க முயன்று வெளியிட்டதால்தான் இத்தனை ஆண்டு. இந்தத் தாமதம் எனக்கு மரியாதையாகவே படுகிறது. அந்த இரவுகளில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றவர்கள் யாருக்கும் தங்கள் வாசிப்பு ஒரு தட்டில் இறங்குகிறது என்று தெரிந்திருக்காது.

*

‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டை பில்லி ஹாலிடே 1939 ஏப்ரல் 20 அன்று தட்டில் பாடினார். அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கும்பல்களைப் பற்றிய பாட்டு. வழக்கமாக அவரைப் பதிவு செய்த நிறுவனம் இதற்கு முன்வரவில்லை. கொமடோர் என்ற சிறு நிறுவனம் பதிந்தது. அந்தத் தட்டு வந்து சில வாரங்களுக்குள் அவர் அதையே பாடிய ஒரு பதிவும் சேவரியிடம் இருந்தது. பியானோ மட்டும் துணை. தாளக்கட்டு இல்லை. விருத்தம் பாடுவது போல் சொல் சொல்லாக நிறுத்தி, பியானோ பதில் சொல்லக் காத்திருந்து பாடுகிறார்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

*

ஹெர்ஷல் எவன்ஸ் 1939 பிப்ரவரியில் இதய நோயால் இறந்தார். வயது 29. பேஸியின் ‘ப்ளூ அண்ட் சென்டிமென்டல்’ தட்டில் அவர் வாசித்ததை விரும்பாத ஜாஸ் ரசிகர் இருக்க முடியாது. ஆனால் அவர் நமக்கு விட்டுப்போனவை அதிகம் இல்லை. இத்தனை சொற்பமாக இருக்கும் ஒருவருக்குப் புதிதாகச் சில நிமிடங்கள் சேர்வதென்பது பெரிய விஷயம். லயனெல் ஹாம்ப்டனோடும் வேறு நண்பர்களோடும் எந்த ஒத்திகையும் இல்லாமல் கூடி வாசித்த ஒரு நிகழ்ச்சியை சேவரி பிடித்திருந்தார். எவன்ஸ் அதில் நிதானமாக வாசிக்கிறார். அவருக்கு இன்னும் சில வாரங்களே மிச்சம் என்பது கேட்பவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டுக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். வாசிப்பில் சோகம் ஒன்றும் இல்லை. கனமான, வெதுவெதுப்பான, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மனிதரின் வாசிப்பு.

*

இவற்றைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு: முதலில் பேஸி தொகுதி. தனி வாசிப்பாளர்களை விட்டுவிட்டு, ஒரு முறை முழுக்கத் தாளக்காரர்களை மட்டும் கேளுங்கள். ஃப்ரெடி கிரீனின் கிதார் ஒரு அடிக்கு ஒரு மீட்டு, அதற்கு மேல் எதுவும் இல்லை. வால்டர் பேஜ் பேஸ் வாத்தியத்தில் நடந்துகொண்டே இருப்பார். ஜோ ஜோன்ஸ் டிரம்ஸில் தாளத்தைப் பெரிய முரசிலிருந்து எடுத்து, இரண்டு சிறு தாளத் தட்டுகளின் சலசலப்புக்கு மாற்றிவிட்டார். பேஸி பியானோவில் எங்கோ ஓரிரு ஸ்வரம் வைப்பார். நாலு பேரும் ஒருவர் வழியில் இன்னொருவர் வராமல் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். 1938 மே 29 அன்று நியூயார்க் ராண்டல்ஸ் தீவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திறந்தவெளியில் கூடிய ஸ்விங் திருவிழாவில் பேஸி வாசித்ததும் சேவரியிடம் இருந்தது. விடுதியில் வாசித்ததற்கும் வெளியில் வாசித்ததற்கும் உள்ள வித்தியாசம் டிரம்ஸில்தான் முதலில் கேட்கும்.

அடுத்து ஹாக்கின்ஸ். 1939 தட்டைக் கேட்டுவிட்டு 1940க்குப் போக வேண்டும். மாற்றிக் கேட்டால் பாதி போய்விடும்.

அதற்கும் பிறகு எமிலியோ காசரெஸ் மூவர். டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த மெக்சிக்க வழிக் குடும்பம். எமிலியோ வயலின், அவர் தம்பி எர்னி கிளாரினெட்டும் பாரிடோன் சாக்ஸபோனும், கூட ஒரு கிதார். அதிகம் பேர் அறியாதவர்கள். பாட்டு ‘சைனா பாய்’. வேகம் அதிகம், ஆகவே முதல் முறை வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும். கிளாரினெட் இரண்டாம் முறை கேட்கும்போது தானே வந்து சேரும்.